கசியாத ஜாடி

என்னைத் தைரியசாலி என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தவர் என் கணவர் ஒருவர்தான். உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர், எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்புப் போட்டுவிட்டு, விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தார். பிடிப்பதற்கு முன்னால் என்னிடம் கேட்டார். "போங்க, நான் பாத்துக்கிறேன்" என்றேன். எதைப் பார்த்துக்கொள்வேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை அவர் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். "எங்க வூட்ல அவங்கதான் தைரியம் குடுத்தாங்க" என்பார். கடைத்தெருவில் எனக்கு வணக்கம் வைத்தவர்கள்கூட உண்டு.

உண்மையில் நான் தாழ்ப்பாள் போட்டோமா என்று மூன்று தடவை எழுந்து பார்க்கிற ஜாதி. பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் திட்டக்குடிக்குப் போன மனிதர் ஏரியில் விழுந்துவிட்டாரோ என்று நினைப்பவள். விடுப்பு முடியப்போகிற நேரத்தில் மூத்தவள் ஒன்றாம் வகுப்பு, வயிற்றில் இரண்டாவது ஐந்து மாதம். ஷெட்டுக்கு ஆர்டர் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. அக்கம்பக்கத்து ஷெட்டுகளைப் போல ஃபியூஸ் கட்டை செய்து தள்ளினால் ஏதோ ஓடும். இவருக்கு அது பிடிக்காது. "அதுல வரையறதுக்கு எடமே இல்லியே" என்பார். பெரிய ஜாடி செய்யவேண்டும், அதில் தாமரை வரையவேண்டும். ஆசையெல்லாம் அதுதான்.

விடுப்பு ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது முடிகிறது. திரும்பி வருகிறீர்களா, இல்லையா என்று மே மாதத்துக்குள் சொல்லிவிட வேண்டும், வேறு ஆள் போடவேண்டும் என்று ஹெட்மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இவர் ராஜினாமாக் கடிதத்தை முன்கூட்டியே எழுதி, தேதி மட்டும் போடாமல், பஞ்சாங்கத்துக்குள் வைத்திருந்தார். ராகு காலம் பார்க்க நான் தினமும் பஞ்சாங்கத்தைப் பிரித்தாக வேண்டும். பிரித்தால் கடிதம். வயிற்றில் பிள்ளை ஒரு தடவை புரளும்.

பங்குனி கழிந்தால் எங்கள் ஊருக்கு ஒரு சுறுசுறுப்பு வந்துவிடும். பள்ளி மைதானத்தில் வாலிபால் போட்டி, அதன் ஓரத்தில் பொருட்காட்சி, பஸ் ஸ்டாண்டில் வியாபாரிகள் சங்கத்தின் தண்ணீர்ப் பந்தல். இவற்றையெல்லாம் ஊருக்குச் சொல்ல, கடைத்தெருவில் அச்சகம் வைத்திருந்த ஒருவர் மாதம் இரண்டு முறை நான்கு பக்கத்தில் ஒரு தாள் போடுவார். கல்யாணப் பத்திரிகை அடித்து மிஞ்சிய காகிதம் எந்த நிறமோ அந்த நிறத்தில் தாள் வரும். யார் கடை திறந்தார்கள், எந்த ஷெட்டுக்குப் புது மெஷின் இறங்கியது, கம்மாபுரம் அணியை எந்த அணி தோற்கடித்தது, எல்லாம் அதில் இருக்கும். வெற்றிலை மடிக்க வாங்குபவர்கள்கூட ஒரு தடவை படித்துவிட்டுத்தான் மடிப்பார்கள். அந்தத் தாளில் தன் ஷெட்டைப் பற்றி ஒரு செய்தி வரவேண்டும் என்று அவர் ஒரு வருடமாகக் காத்திருந்தார். எனக்கு வராமலிருந்தால் தேவலை என்றிருந்தது. வந்துவிட்டால் கடிதத்தில் தேதி ஏறிவிடும்.

அந்த வருடம் சங்கத் தலைவர், ஜவுளிக்கடைக்காரர், நேராக ஷெட்டுக்கே வந்துவிட்டார். "வருஷா வருஷம் பந்தல்ல மண் பானைதான் வெக்கிறோம் சார். பீங்கான் ஊருன்னு பேரு, பானையில தண்ணி குடுக்கிறோம். வெளியூர்க்காரன் என்னா நெனைப்பான்? இந்த வருஷம் நம்மூர் ஜாடிய வெப்பமே" என்றார். அடியில் குழாய் வைத்த ஆறு பெரிய ஜாடிகள். ஜாடியில் சங்கத்தின் பெயரும் கொடியும் ஒரு பக்கம், இவர் வரையும் தாமரை இன்னொரு பக்கம். அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றாமலே சமையலறை வரை வந்து சொன்னார்.

அடுத்த தாளில், ரோஸ் காகிதத்தில், செய்தி வந்துவிட்டது. 'இவ்வாண்டு தண்ணீர்ப் பந்தலில் நம்மூர்ப் பீங்கான் ஜாடிகள்.' இவர் பத்துப் பிரதி வாங்கிவந்தார். எங்கள் வீட்டில் வெற்றிலை போடுபவர்கள் யாரும் இல்லை.

தொழிற்பேட்டையில் ஷெட்டுக்கு ஒரு சூளை கிடையாது. எல்லாருக்கும் நடுவில் ஒரே பெரிய சூளை. முறை வாங்கி, அவரவர் சரக்கை இரும்பு வண்டியில் அடுக்கி உள்ளே தள்ளவேண்டும். முறை தவறினால் அடுத்ததற்குக் காத்துக்கிடக்க வேண்டியதுதான். இவர் முதலில் ஒரே ஒரு ஜாடியை மட்டும் மாதிரிக்காக யாரோ ஒருவருடைய வண்டியில் இடம் கேட்டுச் சுட்டு எடுத்தார். கோணியில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, ஏறாமல் தள்ளிக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுவந்தார். மேல் பாதி பழுப்பு, கீழ்ப் பாதி சந்தன நிறம், நடுவில் நீலத் தாமரை. வெளியே உள்ளே எல்லாம் கண்ணாடி மாதிரி மேல்பூச்சு. அதை அங்கே கிளேஸ் என்பார்கள். என்னாலேயே கண்ணை எடுக்க முடியவில்லை.

ஜாடியில் தண்ணீரை நிரப்பி, அடியில் ரோஸ் காகிதத்தை விரித்து வைத்தார். மறுநாள் காலையில் காகிதத்தை எடுத்து என் முகத்துக்கு நேராக ஆட்டினார். "பாத்தியா, ஒரு சொட்டு கசியல." தொழிற்பேட்டையில் ஒரு சரக்குக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. கசிந்தால் ஜாடி திரும்பி வரும், ஊறுகாய்க்காரர் திட்டுவார், பெயர் கெடும். அங்கே இருந்த அத்தனை பேரும் கசியாமல் செய்வதற்காகவே பிறந்தவர்கள்.

அவர் ஷெட்டுக்குப் போனபிறகு ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துப் பார்த்தேன். தண்ணீர் குளிரவில்லை. இராத்திரி முழுக்க நின்ற தண்ணீர், வெண்கலப் பானையில் நின்றது போல இருந்தது. மதியம் குடித்தபோது வெதுவெதுவென்று தொண்டையில் இறங்கியது. என் மண் பானைத் தண்ணீரைக் குடித்தேன். உயிர் வந்தது. பானையைத் தொட்டால் கை ஈரமாகும், ஜாடியைத் தொட்டால் காய்ந்து கிடந்தது. பானை வியர்ப்பதால்தான் தண்ணீர் குளிர்கிறது. கிளேஸ் பூசிய ஜாடி எப்படி வியர்க்கும்?

ஒருவேளை வைத்த இடம் சரியில்லையோ என்று, அவர் இல்லாத நேரம் பார்த்து ஜன்னல் ஓரம் நகர்த்தினேன். அடுத்த நாள் மணலை ஈரமாக்கி அதன்மேல் வைத்தேன். நான்கு நாள் அதே தண்ணீரை வைத்துப் பார்த்தேன். மாற்றமே இல்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், அடுப்படியில் நிற்கிற எவளுக்கும் தெரியும். அவர் ஷெட்டிலேயே ஒரு மூலையில் மணல் கொட்டி மண் பானை வைத்திருந்தார்கள். ஜாடிக்குக் கிளேஸ் போட்ட கையைக் கழுவிவிட்டு, அந்தப் பானையில் மொண்டு குடித்து, "அப்பாடா" என்று சொல்லிவிட்டு மறுபடி ஜாடிக்குக் கிளேஸ் போடப் போவார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் மாலை கேட்டார். "எப்படி இருக்குது?"

"ஜாடி ரொம்ப அழகா இருக்குதுங்க."

அது பொய் இல்லை. அதனால்தான் அதைச் சொன்னேன். பந்தலுக்கான ஆறு ஜாடிகளும் அப்போது இன்னும் பச்சை மண்ணாக ஷெட்டில் காய்ந்துகொண்டிருந்தன. கிளேஸ் போடவில்லை. பந்தல் திறக்க மூன்று வாரம் இருந்தது. எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இது சின்னதாகத் தோற்கட்டும், ஜூன் மாதம் அவர் சுண்ணாம்புக்கட்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போகட்டும் என்று நினைத்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது, வேலைக்குத் திரும்பிவிடுங்கள் என்று நேராகச் சொல்ல என்னால் முடியவில்லை. ஊரெல்லாம் என் தைரியத்தைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தாரே, அந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது?

அதற்குப் பிறகு அந்த மூன்று வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. தோற்றால் அவருக்கு அவமானம். ஜெயித்தால் எங்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. எது நடக்கவேண்டும் என்று சாமியிடம் கேட்பது? கோயிலுக்குப் போய்ப் பிரகாரம் சுற்றிவிட்டு எதையும் கேட்காமலே வந்தேன்.

பந்தல் திறப்பு நாளன்று பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். தென்னங்கீற்றுப் பந்தல், மாவிலைத் தோரணம், பெஞ்சில் வரிசையாக ஆறு ஜாடிகள். தலைவர் மைக்கில் பேசினார். என் கணவரை மேடைக்குக் கூப்பிட்டுத் துண்டு போட்டார்கள். இவர் மைக்கைப் பிடித்தவர், இரண்டு வார்த்தையில் முடிக்காமல், "இதுக்கெல்லாம் காரணம் என் வூட்டுக்காரம்மா" என்று பெண்கள் பக்கம் கையைக் காட்டிவிட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் மகளின் சடையைச் சரிசெய்வது போல் குனிந்துகொண்டேன்.

பிறகு தண்ணீர் கொடுத்தார்கள். தலைவர் குடித்தார், "ஜில்லுனு இருக்குதுய்யா!" என்றார். சேத்தியாத்தோப்புப் பஸ் டிரைவர் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் கைக்கும் ஒரு டம்ளர் வந்தது. பல் கூசியது. மண் பானைத் தண்ணீர் என்றைக்குமே பல்லைக் கூசவைத்ததில்லை. டம்ளரைப் பார்த்தேன். மேலே ஒரு துளி மரத்தூள் மிதந்தது.

விருந்தாளிகளின் சர்பத்துக்காகக் கடலூரிலிருந்து மரத்தூளில் பொதிந்து ஐஸ் வரவழைத்திருந்தார்கள். மிஞ்சியதை யாரோ ஜாடிகளில் போட்டிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பார்கள். மேடைப் பக்கம் நின்ற இவருக்கு அது தெரியாது. நான் மரத்தூளை விரலால் எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவருக்குத் தரையில் கால் பாவவில்லை. டீக்கடைக்காரர் இரண்டு ஜாடி கேட்டிருக்கிறார். நெய்வேலிப் பக்கம் கேன்டீன் நடத்துகிறவர், வெயில் முடிவதற்குள் நாற்பது வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இவர் பஞ்சாங்கத்தைப் பிரித்துக் கடிதத்தை எடுத்தார், பேனா மூடியைக் கழற்றினார்.

"நாளைக்குக் காலையில ஹெட்மாஸ்டர் வூட்டுக்குப் போயிட்டு வரேன்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். ஐஸ் போட்டார்கள் என்று இரண்டே சொல். ஐஸைச் சொன்னால் நான்கு நாள் பார்த்ததையும் சொல்லவேண்டும். அதைச் சொன்னால் ஏன் சொல்லவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவர் கையிலிருந்த பஞ்சாங்கத்தை வாங்கிப் பார்த்தேன். எனக்கென்றே அச்சடித்தது போல, அடுத்த இரண்டு நாளும் அஷ்டமி, நவமி.

"நாளைக்கு அஷ்டமிங்க. மறுநாள் நவமி. நல்ல காரியத்துக்கு ரெண்டு நாள் பொறுத்தா என்னா?"

"நீயா இதுக்கெல்லாம் பயப்படறே?" என்று சிரித்தார். ஆனால் வைத்துவிட்டார். மாசமாக இருப்பவள் சொல்லைத் தட்டவேண்டாம் என்று நினைத்திருப்பார்.

அஷ்டமியன்று ஐஸ் இல்லை. மதியம் ஒரு மணி வெயிலில் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் குழாயைத் திருகிக் குடித்துவிட்டுத் துப்பினார்களாம். நவமியன்று பந்தலுக்கு வேறு பெயர் வந்துவிட்டது. வெந்நீர்ப் பந்தல். ஜாடியைச் சுற்றி ஈரச் சாக்குக் கட்டலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கட்டினால் சங்கத்தின் பெயரும் கொடியும் மறைந்துவிடும் என்று தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் குயவர் தெருவுக்கு ஆள் அனுப்பி ஆறு பானைகளை வாங்கிவந்து முன்னால் வைத்தார்கள். ஜாடிகள் பின்னுக்குப் போயின.

இவர் அன்று மத்தியானமே பந்தலுக்குப் போயிருக்கிறார். அங்கே தண்ணீர் ஊற்றுவதற்குச் சங்கம் வைத்திருந்த பெண், ஒளிவு மறைவு தெரியாதவள், கூட்டத்துக்கு நடுவில் சொல்லியிருக்கிறாள்: "சார், உங்க ஜாடி அழகுக்கு வெச்சுக்கலாம் சார். குடிக்கத்தான் ஆவாது." நின்றவர்கள் சிரித்தார்களாம். யாரோ ஒருவன் டீத்தூள் இருக்கிறதா என்று கேட்டானாம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வந்து, நான் வருத்தப்படக்கூடாது என்ற பாவனையில், ஒன்று விடாமல் சொன்னாள்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே அவர் வீட்டுக்கு வந்தார். மாதிரி ஜாடி கூடத்து மூலையில், உள்ளே குடைகள் செருகியபடி இருந்தது. குடைகளை எடுத்துவிட்டு, ஜாடியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உள்ளே குனிந்து பார்த்தார். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் நாலு நாள் நின்றால் பாத்திரத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழும். நான் வெளிப்பக்கத்தைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தேன். உள்ளே பார்க்கவில்லை. அவர் விரலை விட்டு அந்தக் கோட்டைத் தடவினார்.

"நான் ஒரு ராத்திரிதான் தண்ணி வெச்சேன்."

நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நாலு நாள் வெச்சுப் பாத்தேங்க."

"குளிரல?"

"குளிரல."

"பந்தல் ஜாடி ஆறுக்கும் அப்ப கிளேஸ் போடலியே. உள்ளயும் வெளியயும் பூசாம, கொறைச்ச சூட்டுல சுட்டிருப்பேனே." கோபமாகச் சொல்லவில்லை. ஒரு வேலைக்காரர் இன்னொரு வேலைக்காரரிடம் சொல்வது போலச் சொன்னார். பிறகு ஜாடியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "ஏன் சொல்லல?"

ஒரு வருடமாகச் சேர்த்து வைத்தது அப்போது வந்தது. பயமாக இருந்தது என்றேன். முதல் நாளிலிருந்தே பயம் என்றேன். நாற்பது ஜாடியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், நீங்கள் பள்ளிக்குப் போனால் போதும் என்று நினைத்தேன் என்றேன். அழுகையில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை. மகள் ஓடிவந்து என் கால்களைக் கட்டிக்கொண்டாள். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அதுவரை அவர் முகத்தில் பார்க்காத ஒரு குழப்பம்.

"பயமா இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அன்னிக்கே ஸ்கூலுக்குப் போயிருப்பேனே" என்றார். "நீ சரின்னு சொன்னதாலதான நான் லீவு போட்டேன்."

பள்ளி திறந்தது. அவர் போனார். மாதா மாதம் சம்பளம் வந்தது, இரண்டாவது பெண் பிறந்தாள், எனக்குச் சோறு இறங்கியது. நான் ஆசைப்பட்டதெல்லாம் அப்படியே நடந்தது. ஊரைக் கூட்டிவைத்து அவரைப் பார்த்துச் சிரிக்கவிடாமலே அது நடந்திருக்கும் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.